தட்டோடு போன தூதர்

நான் வடிகட்டின முட்டாளாக இருந்த காலம் ஒன்று உண்டு. (இப்போது இல்லையா என்று என் மனைவி கேட்பாள், அவளை விடுங்கள்.)

அப்போது பொந்தியான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் புதுக் கிராணி நான். ஒரு கோட்டு, ஒரு தொப்பி, ஒரு மலாய்ப் பாடப் புத்தகம். இவை போதும், ஜொகூரையே ஆளலாம் என்று நினைப்பு. பக்கத்திலிருந்த கம்பத்தோடு, அதாவது மலாய்க் கிராமத்தோடு, எந்தப் பேச்சு என்றாலும் தோட்டத்தின் சார்பில் மாட்டுவண்டிக்கார ஆறுமுகம்தான் போய்வருவார். வெற்றிலைக் கறை வாயோடு ஒரு தூதரா என்று அவரை நீக்கிவிட்டு, அந்தப் பதவியை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே எங்கள் மாடுகள் கம்பத்து மரவள்ளியை மேய்ந்தன. நியாயம் கேட்டு வந்த கம்பத்துத் தலைவர் பெங்குலுவை, "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினேன். அவர் எழுதவில்லை. படகுத்துறைப் பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரத்தை வெட்டிப் போட்டார். அரிசி மூட்டைகள் துறையிலேயே நின்றன. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பானைகள் காலி. வெள்ளிக்கிழமைக்குள் பாதை திறக்காவிட்டால் நீ ஊருக்குக் கப்பலேறலாம் என்றார் தோட்டத்துத் துரை. பெங்குலு கேட்டது ஒன்றே ஒன்று: ஆறுமுகம் திரும்ப வரவேண்டும்.

அவரை அனுப்பியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் மகாராஜா நானல்லவா? ஆறுமுகத்தின் மறுநியமனத்தைப் பெங்குலு வீட்டிலேயே முறைப்படி நடத்தக் கிளம்பினேன். வெற்றிலை பாக்கு, பழம், பலகாரம், பூ, பட்டுத்துணி என்று ஐந்து தட்டு.

"கிராணியாரே, தட்டெல்லாம் வேணாம்லா. நான் சும்மா போய்ப் பேசிட்டு வந்துடுறேன்" என்றார் ஆறுமுகம்.

"நீ தட்டத் தூக்கிட்டுப் பின்னால வா. முறை எனக்குத் தெரியும்."

(தெரிந்த லட்சணத்தைக் கேளுங்கள்.)

பெங்குலு வீட்டார் தட்டுகளைப் பார்த்துத் திகைத்தார்கள். பிறகு பாய் விரித்தார்கள். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். வயது என்ன, பெற்றோர் இருக்கிறார்களா, ஏற்கெனவே மனைவி உண்டா என்று விசாரித்தார். தூதரிடம் இதெல்லாம் எதற்கு என்று ஒரு கழுதைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னேன். திரைக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வண்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்த ஆறுமுகம், கடைசித் தட்டைப் பொத்தென்று வைத்துவிட்டு ஓடிவந்தார். "ஐயோ, தலைய ஆட்டாதீங்க! இங்க தட்டோட வந்தா பொண்ணு கேக்க வந்திருக்காங்கன்னு அர்த்தம்!"

பிறகு அவர் மலாயில் விளக்கினார். "அலமாக்!" என்று பெங்குலு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னார். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு மலாய் தெரிந்திருந்தது.

அன்று மாலையே மரம் அகன்றது, அரிசி வந்தது. ஆறுமுகம் பதவிக்குத் திரும்பினார். பிற்பாடு எனக்கு நிஜமாகவே கெலாங் பாத்தாவில் பெண் பார்த்தபோதும் பேசி முடித்தவர் அவர்தான். இன்றும் அக்கம்பக்கத்தில் ஏதாவது தகராறு என்றால், என் மனைவி பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வாள்: "மொதல்ல அப்பாவ உள்ள உக்கார வைங்க. அப்புறம் போய் ஆறுமுகம் மாமாவக் கூட்டிட்டு வாங்க."

நான் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.