சிவப்புப் பட்டி

"பதினாலாம் கட்டில் இன்னும் லிஸ்ட்டுக்கு வரல்ல" என்று ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து மூன்றாவது தடவையாக அழைப்பு வந்தபோது, கிருஷாந்தி கணினியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

திரையின் நடுவில் சிவப்புக் கட்டம் ஒன்று அசையாமல் நின்றது. நோயாளியின் ஒவ்வாமை உறுதிப்படுத்தப்படவில்லை, தொடர முடியாது என்பது அதன் ஒரே பேச்சு.

ஆஸ்பத்திரிக்கு இந்தப் புதுக் கணினி முறை வந்து ஐந்து மாதம். முந்தி என்றால் கொப்பியில் 'இல்லை' என்று ஒரு கீறு கீறி அனுப்பிவிடலாம். இப்போது எந்த மருந்து ஆளுக்கு ஒத்துவராது என்று பதிந்து, பரிசீலித்ததாகப் பொத்தானையும் அழுத்தினால்தான் கத்தி வைக்க வழிவிடும். இந்த நோயாளர் வாட்டின் பதிவு எழுதுநர் கிருஷாந்தி. வழிவிடாத குற்றமும் அவளுடையதே.

பதினாலாம் கட்டில் வீரையாவுக்குக் குடலிறக்கம். சத்திரசிகிச்சை டொக்டர் செவ்வாயில் மட்டும்தான் இங்கே வருவார். பதினொன்றரைக்கு லிஸ்ட்டை மூடிவிடுவார். இன்று தப்பினால் அடுத்த திகதி மூன்று மாதம் கழித்து. வீரையாவுக்குப் பல்லேகலயில் மூட்டை தூக்குகிற வேலை. மூன்று மாதம் இடத்தைப் பிடித்து வைத்திருக்க அங்கே எவனும் அவருக்கு மாமன் மச்சான் இல்லை.

கிருஷாந்தி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா இதே வீக்கத்தைப் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பதினொரு வருடம் உரமூட்டை தூக்கினார். துண்டை அவிழ்க்கும்போது அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். அதனால் பதினாலாம் கட்டிலை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

வீரையாவின் கிளினிக் அட்டை இலக்கத்தை அடித்ததும் பழைய பதிவு ஒன்று திறந்தது. 2021. பெனிசிலின். மூச்சுத் திணறல். கடுமையானது.

அவள் கட்டிலுக்குப் போனாள்.

"வீரையா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரையா."

வெளியே நடைவழி மரவாங்கில் உட்கார்ந்திருந்த, துணைக்கு வந்த மனிதர்தான் எழுந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவை கட்டிலைத் தட்டிய பிறகுதான் கட்டிலில் கிடந்தவர் திரும்பினார்.

"காது மந்தமா?"

"இல்ல மிஸ். ஒரு யோசன."

"போன தடவ வந்தப்ப எழுபத்திநாலு கிலோன்னு போட்டிருக்கு. காலையில நிறுத்தா அம்பத்திரெண்டு. இப்பிடியா எளைக்கிறது?"

"சாமான் வெல அப்பிடி மிஸ்."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான் இளைத்திருந்தார்கள்.

"பெனிசிலின் ஊசி போட்டு உங்களுக்கு மூச்சு முட்டிச்சா?"

"எனக்கா?"

"பின்ன எனக்கா?"

"எனக்கு அப்பிடி ஒண்ணும் வந்ததில்ல மிஸ். போன வருசம் கால்ல ஆணி குத்தி, தோட்டத்து டிஸ்பென்சரியில அந்த ஊசிதான் ஆறு நாள் போட்டாங்க. பேரச் சொல்லித்தான் போட்டாங்க. ஆறு நாளும் வேலைக்குப் போனேன்."

ஊசி குத்திய கையோடு ஆறு நாள் மூட்டை தூக்கியவனுக்குப் பொய் சொல்ல நேரம் இருந்திருக்காது. கிருஷாந்தி நம்பினாள். யாரோ ஒரு தூங்குமூஞ்சி எழுதுநர் வேறு யாருடைய பதிவையோ இதில் ஏற்றியிருக்கிறான்.

திரும்பி வந்து 'ஒவ்வாமை இல்லை' என்பதை அழுத்தினாள். பழைய பதிவோடு முரண்படுகிறது என்று கணினி மறுத்தது. அழிக்கப் பார்த்தாள். அதற்கு டொக்டரின் கடவுச்சொல் வேண்டும். டொக்டர்மார் எல்லாரும் தியேட்டரில். சரி, உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்று புதுக் கட்டத்தில் 'பெனிசிலின் - இவருக்கு ஒத்துக்கொள்ளும்' என்று எழுதிச் சேமித்தாள்.

இரண்டு நிமிடத்தில் மருந்தகத்திலிருந்து அஸீம் பேசினார். பத்து வருடமாக மருந்து கொடுக்கிறவர். பதற்றமே தெரியாத மனிதரின் குரலில் இன்று பதற்றம் இருந்தது.

"தங்கச்சி, பதினாலுக்கு என்னத்தச் செஞ்சீங்க? ஒரு பெனிசிலின் இருந்திச்சி. இப்ப ரெண்டு ஈக்கி."

"அஸீம் நானா, அது ஒத்துக்கும்னுதான் எழுதினேன்."

"கொம்பியூட்டருக்கு நல்லது கெட்டது வெளங்காது. மருந்துட பேரக் கண்டா பூட்டிப் போடும். தியேட்டருக்கு முந்திக் குடுக்குற ஊசியப் பூட்டிரிச்சி. அதுட சொந்தக்கார மருந்து எல்லாத்தையும் பூட்டிரிச்சி. இந்த மனுசனுக்கு இப்ப சேலைன் மட்டுந்தான் குடுக்க ஏலும்."

"அழிக்க ஏலாதா?"

"எனக்கும் ஏலா." அஸீம் குரலைத் தணித்தார். "ஒரு வழி ஈக்கி. நான் சென்னேன்டு செல்லிராதீங்க. ஏதாச்சும் சாப்பாட்டுச் சாமான் ஒண்டப் போடுங்க. வேற வகையில புதுசா ஒண்டு விழுந்தா பரிசீலிச்ச பட்டன் தொறக்கும். லிஸ்ட் போயிரும். மருந்தப் பொறகு ஒரு டொக்டரப் புடிச்சித் தொறந்து எடுக்கலாம்."

"என்ன சாப்பாடு?"

"அந்தாள் திங்காத ஒண்டப் பார்த்துப் போடுங்க. குசினியால குடுக்கமாட்டாங்க, அவ்வளவுதானே. ஆருக்கும் நட்டம் இல்ல."

மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. வீரையாவை இரத்தம் எடுக்கத் திரைச்சீலைக்குள் வைத்திருந்தார்கள். கிருஷாந்தி நடைவழிக்கு ஓடினாள். வாங்கில் இருந்தவர் அகலமான ஆள். ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கி, அதில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வீரையாவுக்கு என்ன வேணும்?"

"ஆருக்கு? ஆ, தம்பிக்கு. நான் அண்ணன்."

"பேரு?"

அவர் கைக்குட்டையை மடித்தார். "சின்னமுத்து."

மூத்தவனுக்குச் சின்னமுத்து என்று பெயர் வைத்த வீட்டைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

"உங்க தம்பி சாப்பிடாதது ஏதாவது இருக்கா?"

"முட்டயத் தொடமாட்டான் பிள்ள. மகளுக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப கதிர்காமத்துக்கு நேந்துகிட்டான். நாலு வருசமாச்சு." அவர் கன்னத்தைத் தடவினார். "பல்லு கிளினிக் எந்தப் பக்கம்? நாளைக்கு வரச் சொல்லியிருக்கு."

"கீழ, எக்ஸ்ரேக்குப் பக்கத்துல," என்றபடியே அவள் திரும்பி ஓடினாள்.

முட்டை. சேமி. பொத்தான் திறந்தது. சிவப்புக் கட்டம் போய், பதினாலாம் கட்டில் லிஸ்ட்டில் விழுந்தது. கிருஷாந்தி காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். விட்டு முடிப்பதற்குள் மேசையிலிருந்த சின்ன அச்சு இயந்திரம் உறுமி, ஒவ்வாமைக்காரர் கையில் கட்டும் சிவப்புப் பட்டி ஒன்றைத் துப்பியது. பெனிசிலின், பெனிசிலின், முட்டை. தாதி அதை வீரையாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

பத்து இருபதுக்கு மயக்க மருந்து டொக்டர் யசோதினி தியேட்டர் தொப்பியோடே வாட்டுக்குள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. சத்தம் போடமாட்டார். அதுதான் பயம்.

"ஆர் முட்டையெண்டு பதிஞ்சது?"

"நான்தான் டொக்டர்."

"மயக்கத்துக்கு நான் குடுக்கிற மருந்தில முட்டைச் சத்துக் கிடக்கு. முட்டை கூடாத ஆளெண்டா நான் யோசிக்கோணும். பெனிசிலினும் ரெண்டு தரம் கிடக்கு. இந்தப் பட்டியோட நான் இவரைத் தொடமாட்டன்."

"முட்ட ஒவ்வாம இல்ல டொக்டர். நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"கதிர்காமம்."

டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அதைப் பதிய இதில இடமில்லைத் தங்கச்சி."

இருவரும் கட்டிலுக்குப் போனார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்த வீரையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முட்டை சாப்பிட்டா உங்களுக்கு என்ன நடக்கும்?"

"முருகன் கோவிப்பாரு டொக்டரம்மா."

"தோல் தடிக்குமோ?"

"அது அவரு நெனச்சாத்தான்."

"நேர்த்தி வைக்க முதல் சாப்பிட்டனீங்களோ?"

"கட்டுகஸ்தோட்டையில ஒருக்கா பந்தயத்துக்கு எட்டு அவிச்ச முட்ட தின்னேன். ஒம்பதாவதுக்குக் காசு இல்லாம நிப்பாட்டினது."

டொக்டரின் வாயோரம் ஒரு கணம் அசைந்தது. பிறகு பெனிசிலினுக்கு வந்தார். வீரையா ஆணிக் கதையை மறுபடி சொன்னார். சொல் மாறவில்லை, நாள் மாறவில்லை. ஆனால் டொக்டர் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

"பதிவில மூச்சு நிண்ட கதை கிடக்கு. தோலுக்குக் கீழ துளி மருந்து விட்டுப் பாப்பம். அரை மணித்தியாலம். தடிச்சா இண்டைக்கு ஒப்பரேஷன் இல்லை."

அவசர மருந்துத் தட்டு கட்டிலருகே வந்தது. ஒட்சிசன் குழாயும் வந்தது. வீரையாவின் முன்னங்கையில் துளி மருந்து ஏறியது. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்கள். மணி பத்து முப்பத்தைந்து.

கிருஷாந்தி வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தடித்தால் ஆள் மூன்று மாதம் துண்டைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். திடீரென்று மூச்சு நின்றால்? அவள் ஒட்சிசன் குழாயைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்தாள். அவள்தானே 'ஒத்துக்கொள்ளும்' என்று எழுதியவள்.

"அரிக்குதா?"

"இல்ல மிஸ்."

"நெஞ்சு அடைக்குதா?"

"பசிக்குது மிஸ்."

பத்து ஐம்பதுக்குத் தியேட்டரிலிருந்து அழைப்பு. "பதினொண்டு இருபதுக்குள்ள ஆள் வரல்லன்னா பதினால வெட்டிருவோம்." வெட்டப்போவது லிஸ்ட்டிலிருந்து. வயிற்றை வெட்டச் சொல்லித்தான் அந்த மனிதர் எச்சிலை விழுங்கிக்கொண்டு கிடந்தார். மூட்டை தூக்கிக் காய்த்த கை, போர்வையின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தது.

"இன்னைக்கு நடக்கல்லன்னா எனக்கு வேற வழி இல்ல மிஸ்," என்றார் மெதுவாக. "இன்னொரு தடவ இந்தக் கிளினிக் கார்டோட வர ஏலாது."

"ஏன் வர ஏலாது? மூணு மாசத்துல வரலாம்தானே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பதினொன்று ஐந்து. வட்டத்துக்குள் நுளம்பு கடித்த அளவுகூட இல்லை. டொக்டர் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகும் சிறு அளவு மருந்தை ஏற்றி, நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை.

"பேரும் பிறந்த திகதியும் சொல்லுங்கோ."

வீரையா கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் போலப் பெயரையும் திகதியையும் ஒரே மூச்சில் சொன்னார். எல்லாம் பதிவோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

டொக்டர் கணினியில் தன் கடவுச்சொல்லைப் போட்டார். முட்டை, பிழையான பதிவு, அழி. இன்றைக்கு எழுதிய பெனிசிலின், பிழையான பதிவு, அழி. 2021ஆம் ஆண்டுப் பெனிசிலினில் விரல் சற்று நின்றது.

"இதை ஆரோ வடிவா விபரமாத்தான் எழுதியிருக்கினம்," என்றார். "ஆனா ஆளே எங்களுக்கு முன்னால கிடக்கிறார். ஆளை விடப் பதிவு பெரிசில்லை." அதையும் அழித்தார். சாட்சிக்குக் கிருஷாந்தி தன் பெயரை அடித்தாள்.

வெள்ளைப் பட்டி வந்தது. கிருஷாந்தி சிவப்புப் பட்டியைக் கத்தரித்து, தள்ளுகட்டிலோடு ஓடிக்கொண்டே வாசல் குப்பைவாளியில் போட்டாள். பதினொன்று பதினெட்டுக்குத் தியேட்டர் கதவு வீரையாவை விழுங்கிக்கொண்டது.

அவள் நடைவழி வாங்கிலேயே, கன்னம் வீங்கியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒரு மிடறு தேத்தண்ணி இல்லை. அவர் தன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உள்ள போயிட்டானா பிள்ள?"

"போயிட்டாரு. பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரு மணித்தியாலத்துல வெளிய வந்துருவாரு."

"நல்லா இருப்பீங்க. நீங்க ஓடின ஓட்டத்த நான் பாத்துகிட்டுத்தானே இருந்தேன்."

"பின்ன, ஓடாம. உங்க தம்பி கிளினிக் கார்டுல எவனோ பெனிசிலின் ஆகாதுன்னு பிழையா ஏத்தி வச்சிருந்தான். காலையில இருந்து அதாலதான் இவ்வளவு கரைச்சலும். டொக்டரோட சேந்து அடியோட அழிச்சாச்சு. இனி அந்தக் கார்ட இங்க எந்த வாட்டுல, எந்தக் கிளினிக்குல போட்டாலும் சுத்தமா இருக்கும்."

அவர் கையிலிருந்த பிளாஸ்க் அப்படியே நின்றது. தேத்தண்ணி விளிம்பில் தளும்பி நிலத்தில் சொட்டியது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், குப்பைவாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். சிவப்புப் பட்டியை எடுத்து, சட்டையில் துடைத்து, அவள் மடியில் வைத்தார்.

"இதுல உள்ள பழைய பெனிசிலின மட்டும் திருப்பி ஏத்திருங்க பிள்ள," என்றார். "தம்பிக்கு அடையாள அட்ட இல்லன்னு என் கிளினிக் கார்ட இந்த ஒப்பரேஷனுக்குக் குடுத்தேன், நாளைக்குப் பல்லு புடுங்க வர்ற வீரையா நான்தான்."