பச்சை விளக்கு எரியுதா அக்கா?

மனித குலத்தில் புதிதாக ஓரினம் கிளைத்திருக்கிறது, கவனித்தீர்களா? பக்கத்தில் இருப்பதைத் தொடமாட்டார்கள். தூரத்தில் இருப்பதை விடமாட்டார்கள். இதில் முற்றிய பேர்வழியைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் தெருப் பல் டாக்டரிடம் வாருங்கள். தெருவில் அவருக்கு ரிமோட்டார் என்று பெயர்.

ஹாம் ரேடியோப் பைத்தியம் அவருக்கு. பூமியின் மறுகோடியில் முகம் தெரியாத ஒருவரோடு வானலையில், 'கேட்கிறதா, கேட்கிறது' என்று பேசிவிட்டு அதை நோட்டில் குறித்துக்கொண்டால் ஜன்மம் சாபல்யம். குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆன்டெனா வைக்க விடவில்லை. ஆகவே ரேடியோ, ஆன்டெனா, அதைத் திருப்பும் மோட்டார் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அக்கா வீட்டு மாடி அறையில் ஏற்றிவிட்டு, இங்கிருந்தே போனில் இணையம் வழியாக ஆட்டிவைக்கிறார். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார்; இவர் ஆன்டெனாவை வடக்கே திருப்பிக்கொண்டிருப்பார்.

தினமும் அக்காவுக்குப் போன் உண்டு. பாசமான தம்பி என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்பார். அக்கா பதினெட்டுப் படி ஏறிப் பார்த்து, எரிகிறது என்பாள். வைத்துவிடுவார். அந்த மாடி அறையின் சூட்டைத் தசமப் புள்ளியோடு சொல்லக்கூடியவருக்கு, அக்காவின் முட்டி வீங்கி மூன்று மாதமாகிறது என்று தெரியாது. முட்டிக்கு சென்சார் வைக்கவில்லையே!

ஒன்பது வருஷமாக அவர் தவம் கிடந்தது ஒரு குட்டித் தீவோடு பேசுவதற்காக. ஆளில்லாத அந்தத் தீவுக்கு யாரோ நான்கு பேர் படகில் போய் ரேடியோ வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்துக்குக் கடையைக் கட்டுகிறார்கள். அன்று மதியம் இரண்டு மணி வாக்கில் இணைப்பு கொஞ்சம் இழுத்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று போனிலேயே அணைத்தார். அணைந்தது. ஏற்றுகிற உத்தரவு போக வேண்டியதும் அதே ரவுட்டர் வழியாகத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய மகானுபாவர்!

அக்காவைக் கூப்பிட்டார். "என்னால மாடி ஏற முடியாதுப்பா. நீயே வந்து போட்டுக்கோ," என்றாள் அக்கா.

ஒரு கடைவாய்ப்பல்லைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். போய்ச் சேரும்போது மணி நாலரை. வாசலில் நின்ற அக்காவுக்கு ஒரு தலையசைப்பு, ஒரே பாய்ச்சலில் மாடி, சுவிட்சைத் தட்டினார். பச்சை விளக்கு!

எதிரே ரேடியோ, மைக், நாற்காலி. உங்களையும் என்னையும் போன்ற சாமானியர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசியிருப்போம். கையால் மைக்கைத் தொட்டுப் பேசுவதற்கா இத்தனை வித்தை கற்றது? கீழே இறங்கி, கூடத்து மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டி, போனைத் திறந்து, தலைக்கு மேலேயே இருந்த ரேடியோவை இணையம் வழியாகப் பிடித்தார். கூப்பிட்டார், கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் வானலை இரைச்சலுக்குள்ளிருந்து தீவுக்காரன், ரேடியோவில் இவருக்குப் பெயராக இருக்கும் அழைப்புக்குறியைத் தெளிவாகச் சொன்னான். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

போன் மணி அடித்தது. ரேடியோ குரல் அறுந்தது. அழைத்தது, பத்தடி தள்ளி அடுக்களையில் இருந்த அக்கா.

"பச்சை விளக்கு எரியுதா தம்பி? எரிஞ்சா சாப்பிட வா."

பதறிப்போய் வெட்டிவிட்டு மறுபடி இணைவதற்குள் தீவில் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். அழாக்குறையாக அடுக்களை வாசலில் வந்து நின்றார், ஏன் போன் பண்ணினாய் என்று.

"நேர்ல கூப்பிட்டா நீ எப்பப்பா திரும்பிப் பார்த்திருக்கே?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா நடப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். தீவு போன துக்கத்தை விட அது அதிகமாக வலித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். போனில்தான் சொன்னார், எதிர்வீட்டிலிருந்து.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த அறைக்காரருக்கு இன்று காலை போனில் செய்தி அனுப்பியது நீங்களாக இருக்காது. அது கிடக்கட்டும், உங்கள் அக்காவுக்கு முட்டி எப்படி இருக்கிறது?