பாட்டில் முழுங்கி

கடைக்குப் போவதில்லை என்பது என் கொள்கை. கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றி வருகிறேன். பையும் கையுமாக வெங்காயம் பொறுக்கும் ஆண்பிள்ளையைக் கண்டால் எனக்கு இரக்கம் வரும்.

மனைவிக்கு முழங்கால் வலி. மூன்று மாதமாக ஒரே பாட்டு.

"வாரத்துக்கு ஒரு தடவை நீங்க கடைக்குப் போய்ட்டு வரக் கூடாதா?"

"அது என் வேலை இல்ல."

"உங்க வேலைதான் என்ன?"

"ரிடையர் ஆனவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

அந்த நேரம் பார்த்து சர்க்கார் பாட்டில் திட்டம் கொண்டுவந்தது. சோடா வாங்கினால் பாட்டிலுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். காலி பாட்டிலைக் கடை வாசல் மெஷினுக்கு ஊட்டினால் காசு திரும்பும். அதாவது என் காசை நானே வரிசையில் நின்று கெஞ்சி வாங்க வேண்டும். கேட்டால் சுற்றுச்சூழலாம்.

எனக்கு வாயுத் தொல்லை. தினம் ஒரு சோடா. பால்கனியில் காலி பாட்டில்கள் குவிந்தன. என் நாற்காலிக்கு இடமில்லை.

"குப்பையில போட்டுடறேங்க," என்றாள்.

"என் காசு!"

"போனாப் போகுது. அந்த மெஷின்கிட்ட உங்க பாச்சா பலிக்காது. எதிர்வீட்டு கம்பவுண்டரே தோத்துட்டு வந்தாராம்."

கம்பவுண்டர் தோற்பார். மாத்திரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். நான் நாற்பது வருஷம் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைப்பார்கள். என்னிடம் ஒரு மெஷின் வாலாட்டுவதா?

"சனிக்கிழமை போறேன். காசை வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு. கடைக்குள்ள காலை வைக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோ."

"சரிங்க."

அவள் உடனே 'சரிங்க' என்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பாட்டில் கழுவினேன். சோதனைக்கு வரும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும். அது எங்கள் இலாகா ஒழுங்கு. வெந்நீரில் ஊறவைத்து லேபிள்களைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத் தேயுங்க."

சனிக்கிழமை. சாக்கு நிறையப் பாட்டிலோடு கடை வாசலுக்குப் போனேன். மொத்தம் மூன்று மெஷின். ஒன்றில் 'பழுது' அட்டை. இன்னொன்றுக்கு வயிறு நிறைந்துவிட்டதாம். மூன்றாவதன் முன்னால் தெருவே நின்றது. ஒருவர் நசுங்கிய டப்பாவை வாயால் ஊதி நிமிர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் கம்பவுண்டர், ஒரு சாக்கோடு.

"நீங்களுமா சார்?"

"கொள்கைக்காக வந்திருக்கேன்."

"நானும் அப்படித்தான் சார் வந்தேன். இது நாலாவது வாரம்."

என் முறை. முதல் பாட்டிலை நீட்டினேன். முழுங்கியது. துப்பியது. அதட்டினேன். மறுபடி நீட்டினேன். மறுபடி துப்பியது.

"திட்டாதீங்க ஐயா, அதுக்குக் காது கேக்காது," என்று கடைப் பெண் வந்தாள். "லேபிள் எங்க? அதுல இருக்குற கோடுகளைத்தான் மெஷின் படிக்கும்."

"உரிச்சுட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. என் சாக்கைச் சுருட்டினேன். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. இன்னொரு பை. உள்ளே கழுவாத பாட்டில்கள், லேபிளோடு. நான் வைக்கவில்லை.

மெஷின் அவற்றைச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி வாங்கிக்கொண்டது. ஒரு சீட்டை நீட்டியது.

"காசு எங்க?"

"இதுதான் ஐயா காசு. உள்ள சாமான் வாங்கினா பில்லுல கழிச்சுக்குவாங்க. இன்னைக்கே வாங்கணும்."

"வாங்கலைன்னா?"

"வெறும் காகிதம்."

ஒரு தட்டில் என் கொள்கை. மறு தட்டில் என் காசு. மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன். முள் கொஞ்சமும் தயங்கவில்லை.

கடைக்குள் போனேன். எதை வாங்குவது? எனக்கென்ன தெரியும்? மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டேன். மடித்த காகிதம் ஒன்று வந்தது. மனைவியின் கையெழுத்து. வெங்காயம், பருப்பு, சோப்பு. எது எந்த அலமாரியில் என்பது வரைக்கும். 'தக்காளியை அமுக்கிப் பாருங்க. அதட்டிப் பாக்காதீங்க.'

பக்கத்தில் கம்பவுண்டர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை இரக்கமாகப் பார்த்தார்.

பட்டியலின் கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

'சோடா, பன்னிரண்டு பாட்டில். லேபிளை உரிக்காதீங்க. அடுத்த சனிக்கிழமைக்கு வேணும்.'