முதுகுப் பக்கமும் தேய்ப்பவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் இறந்துபோகிறவர்களைப் போல நேர்த்தியாக உடுத்துகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. காரணம் எங்கள் இஸ்திரி அண்ணாச்சி. நான் மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக அவர் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். காலையில் அவர் பெட்டிக்கு மூட்டும் சிரட்டைக் கரிப் புகைதான் எனக்கு அலாரம்.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் யார் இறந்தாலும், போதகருக்கு முன்னால் அண்ணாச்சி இஸ்திரிப் பெட்டியோடு வந்து நிற்பார். அடக்கத்துக்கு உடுத்தும் துணியை அங்கேயே தேய்த்துக் கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். சட்டையின் முதுகுப் பக்கத்தையும் விடமாட்டார்.

"முதுகை யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பின்னே, படுத்தே கெடக்கப் போறாரா? எழும்பும்போ பின்னால நிக்கிற சேட்டன் பாக்க மாட்டாரா?"

எங்களுக்கெல்லாம் உயிர்த்தெழுதல் என்பது ஈஸ்டர் பிரசங்கத்தில் வரும் விஷயம். அண்ணாச்சிக்கோ அது அடுத்த வாரம் டெலிவரி கொடுக்க வேண்டிய துணி.

ஒருநாள், தோப்பும்படியில் ஒரு மீன் ஏலக்காரர் இறந்துவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவைத் திறந்தது ஏலக்காரரேதான், கையில் சாயா கிளாஸோடு. அண்ணாச்சி அசரவில்லை.

"வந்தது வந்தாச்சு. நல்ல சட்டையா ஒண்ணு எடுங்க, தேச்சு வச்சிட்டுப் போறேன்."

ஏலக்காரர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அப்புறம் மகள் கல்யாணத்துக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் அண்ணாச்சியின் மனைவி ரோஸி அக்கா இறந்தார். நாற்பது வருஷம் கூடவே நின்று துணி மடித்தவர். அண்ணாச்சி பெட்டியைத் தொடவே இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடி, "இனி இதெல்லாம் எதுக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பண்டிகைக்குப் பண்டிகை ஆலயம் போகிறவன் நான். என் நம்பிக்கையையும் சேர்த்து அவர்தான் சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் பெண்கள் பீரோவிலிருந்து அக்காவின் கல்யாணப் புடவையை எடுத்து வந்தார்கள். ஒரே கசங்கல். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படியா அவள அனுப்புவீங்க?"

எழுந்து போய்க் கரியை மூட்டினார். முழுப் புடவையையும் தேய்த்தார். முந்தானையை மட்டும் மடிக்காமல் விட்டார்.

"ஏன் அண்ணாச்சி?"

"நான் மடிச்சா அவளுக்குப் பிடிக்காது. எழும்பின ஒடனே பிரிச்சுத் திரும்ப மடிப்பா. அவளே மடிக்கட்டும்."

அடுத்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அவரைக் கூப்பிட அந்த வீட்டாருக்குக் கூச்சம். அவர் கூப்பிடாமலே போய் நின்றார்.

இப்போது எனக்கு ஒரே கவலை, அண்ணாச்சிக்கு யார் தேய்ப்பது என்பதுதான். அவரிடம் சொல்லாமல் நானே பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று சட்டைகள் கருகிவிட்டன. போகட்டும். ரோஸி அக்காவைப் பார்க்கப் போகும் அன்றைக்கு, அவர் கசங்கிய சட்டையோடு நிற்கக் கூடாது.