பனிச்சரிவு சார்

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் பனி விழாது. ஆனாலும் அந்த ஊரில் பனிக்குப் பயந்தே வாழ்ந்த ஒரு மனிதர் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். அத்தனையிலும் அவருக்குப் பெயர் பனிச்சரிவு சார்.

காரணம், ஒரே மகன் ரவி. சியாட்டிலில் சாஃப்ட்வேர் வேலை. சனிக்கிழமையானால் பக்கத்து மலைகளுக்குப் போய், லிஃப்டும் காவலும் இல்லாத காட்டுச் சரிவுகளில் பனிச்சறுக்கு விளையாடுவான். இங்கே அப்பா பல் துலக்குமுன், அந்த மலைகளின் பனிச்சரிவு எச்சரிக்கைப் பதிவைப் போனில் கேட்பார். பார்க்கிங்கில் அகப்பட்டவரிடம் ஒப்பிப்பார்.

"இன்னிக்கு கன்சிடரபிள் சார்!"

"அப்படின்னா?"

"அஞ்சுல மூணு. ஜாஸ்தி பேர் சாகறது இதுலதான். 'ஹை'ன்னா பயந்து வீட்ல இருப்பான். இதுல துணிஞ்சு போயிடுவான்."

ஆபீசுக்குக் கிளம்புகிறவனுக்கு இது தேவையா?

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் தட்டை நீட்டினார். அடியில் வெண்பொங்கல், மேலே தயிர்சாதம். "நடுவுல நெய் இருக்கு பாருங்க, அதான் எமன். பனி தாங்குமான்னு மலையில இப்படித்தான் தட்டிப் பாப்பாங்க, மணிக்கட்டு, முழங்கை, தோள்னு பலத்தைக் கூட்டி" என்று தட்டைச் சாய்த்து, மணிக்கட்டால் தட்டினார். பிறகு முழங்கையை வீசித் தட்டினார். தயிர்சாதம் முழுப்பாளமாக வழுக்கி என் மனைவியின் பட்டுப்புடவையில் இறங்கியது. "பாத்தீங்களா, தோள்வரைக்கும் போகவே இல்ல!" என்றார் கவலையோடு.

அந்த மாதக் கடைசியில் மலைகளில் புதுப்பனி குவிந்து, அதன்மேல் மழையும் பெய்தது. எச்சரிக்கை 'ஹை'. ரவியோ, தன் நண்பன் செந்திலோடு போவதாகச் சொல்லிவிட்டான்.

"அப்பா, ரிலாக்ஸ். எங்க கிட்ட பீக்கன் இருக்கு. புதைஞ்சாலும் சிக்னல் வரும்."

"அது பொணத்தைக் கண்டுபிடிக்கத்தாண்டா உதவும்!"

ரவி போனை வைத்துவிட்டான். சார் யோசித்தார். மறுபடி எடுத்து, ஊரில் பிள்ளைகளைக் கல்யாணத்துக்குப் பிடித்துவரத் தந்தி அடிப்பார்களே, அதே வாசகத்தைச் சொன்னார்: "அம்மாவுக்கு சீரியஸ். உடனே கிளம்பி வா."

வெள்ளி மாலை ரவி ஓடிவந்தான். கதவைத் திறந்தது தோசைக்கரண்டியோடு அம்மா. அடுத்து நடந்தது மூன்று வீடு தள்ளி எனக்கே கேட்டது. மகன் கத்தியதைவிட மாமி கத்தியதுதான் அதிகம். "என்னைச் சாகடிச்சுத்தான் புள்ளைய வரவழைக்கணுமா? இப்படி ஒரு மனுஷனா!"

குடியிருப்பே சிரித்தது. நானும்தான்.

சனி சாயங்காலம் சியாட்டிலிலிருந்து போன் வந்தது. செந்தில் தனியாகப் போயிருந்தான். சரிவு மொத்தமாக இறங்கியிருந்தது. இருட்டுவதற்குள் அவனைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

ரவி சோபாவில் கிடந்தான். "நான் சொன்னேனா இல்லையா" என்று சார் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெளியே வந்து பார்க்கிங் திட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"கோயம்புத்தூர்ல அந்தப் பையனுக்கும் அம்மா இருக்காங்க சார். நம்பர்கூட ரவிகிட்ட இருக்கு. ஒரு போன் போட்டு, 'எனக்கு சீரியஸ், உடனே வா'ன்னு அவங்களையும் அவன்கிட்ட சொல்லச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணலையே."

மழை தூற ஆரம்பித்தது. என் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டு, நானும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.