நான்காம் நம்பர் தொட்டி சொன்ன உண்மை

"எங்க பக்கம் எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டே ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. தபால் கந்தோரில் இருக்கும், வங்கியில் இருக்கும், சம்பந்தம் பேசும் வீட்டிலும் ஒன்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் முதல் தரமானதைப் பார்க்க வேண்டுமானால், இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நீங்கள் வரவேண்டும். பெயர் பிரதாபன். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். வேலை நன்றாகத் தெரிந்தவன். சிக்கலே அதுதான்.

கொழுந்து வாட்டும் ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் சூட்டை அளக்கும் சென்சர் பெட்டி ஒன்று தொங்கும். கீழ்த்தளத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி அவற்றை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, சூடு என்னவென்று கேட்டு, பதிலைப் பொறுத்துச் சுடுகாற்றைத் திறக்கும் அல்லது அடைக்கும். இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், கையிலுள்ள பிளேன்டீ ஆறும்வரை பிரதாபன் விளக்குவான்: அடியில் கம்பி, அதற்கு மேல் யார் எப்போது எந்த வேகத்தில் பேசுவது என்கிற ஒழுங்கு, அதற்கு மேல் கூப்பிடும் நம்பர், பிறகு பதில் வழியில் சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலே, வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் வேலையில் தலையிடாது. தலையிடாமல் இருப்பது பிரதாபனுக்கும் மிகவும் பிடித்த காரியம்.

ஒரு மழைநாள் காலையில், வாட்டும் மாடியைக் கவனிக்கும் நாகலெட்சுமி அவன் அறைக்கு வந்தாள். அவளைத் தற்காலிகமாகத்தான் அங்கே போட்டிருந்தார்கள். மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சொல்லியிருந்தார். ஏதாவது பிசகினால் அட்டைக்கும் மழைக்கும் நடுவே பழையபடி கொழுந்துக் கூடைதான்.

"நாலாம் நம்பர்ல கொழுந்து சுடுது தம்பி. வந்து கைய வச்சுப் பாருங்க."

கையை வைப்பதா? பிரதாபன் மடிக்கணினியைத் திறந்தான். கம்பியை இழுத்துப் பார்த்தான், உறுதி. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. நாலைக் கூப்பிட்டான், நாலு பதில் சொன்னது. பதில் சிதையவுமில்லை. இருபத்திரண்டு பாகை. இவ்வளவு மரியாதையாக வந்த பதிலை எந்த மனிதன் சந்தேகப்படுவான்?

"எங்க பக்கம் எல்லாம் சரிங்கக்கா. ஒங்க கைதான் சூடா இருக்கும்."

சுடுகாற்றை நேரடியாக அடைக்கும் விசைக்குப் பூட்டு உண்டு. சாவி அவன் சட்டைப்பையில். அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவன் திரையைக் காட்டினான். கடைசியில் அவள் டீமேக்கரைக் கூட்டிவர ஓடினாள்.

அப்போதுதான் பிரதாபன் ஐயா மாடியேறினார். நாலாம் தொட்டியில் கொழுந்து சிவந்து மொறுமொறுத்துக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தான். முந்தின நாள் தூசு தட்டக் கழற்றியபோது நாலாம் பெட்டியை ஐந்தாம் தொட்டிக்கு மேலேயும், ஐந்தாம் பெட்டியை நாலுக்கு மேலேயும் மாட்டிவிட்டிருந்தான். நாலாம் பெட்டி பொய்யே சொல்லவில்லை. குளிர்ந்து கிடந்த ஐந்தாம் தொட்டியின் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது; அதைக் கேட்டுச் சுடுகாற்று நாலாம் தொட்டிக்குத் திறந்தே கிடந்தது. தான் எங்கே தொங்குகிறோம் என்பது எந்த அடுக்குக்கும் தெரியாது. மாட்டியவனுக்குத்தான் தெரிய வேண்டும்.

ஏணியில் ஏறினான், மாற்றி மாட்டினான், இறங்கினான். டீமேக்கர் வந்து, கருவியில் கோளாறா என்று கேட்டார். நாகலெட்சுமி பிரதாபனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தொண்டை வரை உண்மை வரவும் வந்தது.

"எங்க பக்கம் எல்லாம் சரிங்கய்யா."

பொய்யில்லை பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் சரியாகியிருந்தது.

திங்கட்கிழமை நாகலெட்சுமி கூடையோடு மலைக்குப் போனாள். தொடர்பில் பழுது எதுவும் இல்லை என்று பிரதாபன் அறிக்கை எழுதிக் கொடுத்தான்.

அடப்பாவி என்கிறீர்கள். சொல்லுங்கள், நியாயம்தான். ஆனால் நேற்று உங்கள் வீட்டிலிருந்து உங்கள் கைபேசிக்கு நீளமாக ஒரு செய்தி வந்தது. நீங்கள் திறந்ததும் இரண்டு நீலக் குறியும் ஒழுங்காக விழுந்தன. அதில் என்ன எழுதியிருந்தது?