கிளாட்வினும் செத்த லிங்க்குகளும்

"முசே, ரெண்டே ரெண்டு நிமிஷம்!" ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீபோர்டைத் தட்டித் தள்ளினான் கிளாட்வின்.

"பாரீஸ்லேர்ந்து நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கறாங்கடா!" மறுமுனையில் முதலாளி லூயிஸ் கத்தினார். "நாற்காலியக் கிளிக் பண்ணா பக்கமே வரலியாம்."

"இங்க நல்லாத்தான் தொறக்குது முசே."

"அப்ப கூகுள்ல ஏன் நாலாவது பக்கத்துல கெடக்குறோம்? எதுத்த கடை கன்னியப்பன் மொத ஆளா நிக்கிறான். கிறிஸ்துமஸுக்குள்ள அவன முந்தலன்னா, சைட்டு சென்னைக் கம்பெனிக்கு. நீ வார்னிஷ் அடிக்கப் போ!"

பழைய தேக்குச் சாமான்களைப் பளபளப்பாக்கி பிரான்சுக்கு அனுப்பும் கடை அது. அதனால் முதலாளியும் 'ஐயா' இல்லை, பிரெஞ்சில் 'முசே'. வெப்சைட் குடியிருந்தது பின்னறையில், துடைப்பத்துக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் பெட்டியில். அந்தப் பெட்டி ஓடினால்தான் சைட்டும் ஓடும்; வெளியே வாடகைக்கு இடம் பிடிக்க லூயிஸுக்கு மனசு வரவில்லை.

கூகுள் அறிக்கையைத் திறந்தான். பக்கத்துக்குப் பக்கம் செத்த லிங்க். தேடி வந்தவன் முட்டுச்சந்தில் நின்றால், கூகுள் கடையைக் கீழே தள்ளிவிடும்.

பக்கங்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்தான். பழைய பெயரில் வந்தவர்களும் முட்டிக்கொண்டார்கள். செத்தவை இரட்டிப்பாயின.

பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பினான். அவசரத்தில் ஊஞ்சலைத் தட்டினால் தொட்டில் வந்தது. 'எனக்கு வயது எழுபது. தொட்டில் எதற்கு?' என்று ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி மெயிலில் சீறினாள்.

கடை ஏழாவது பக்கத்துக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா, கடை கூட்டும் அஞ்சலாட்சி வந்து நிற்க வேண்டும்?

"தம்பி, பொண்ண கதிர்காமம் ஆஸ்பத்திரில சேத்துருக்கு. தலைப்பிரசவம். ஒரு மாசம் வர மாட்டேன்."

துடைப்பமும் அவன் தலையில் விழுந்தது.

கிளாட்வின் அசரவில்லை. காலையில் கடையைக் கூட்டினான்; மாலையில் லிங்க்குகளைக் கூட்டிப் பெருக்கினான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊர் வழக்கப்படி மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை சாத்தும்போது மட்டும் வீட்டில் போய்க் கண்ணயர்ந்தான்.

செத்தவை குறைந்தன. ஐந்தாம் பக்கம். இரண்டாம் பக்கம். டிசம்பரில் ஒரு காலை... முதல் பக்கம், முதல் இடம்!

"பிராவோ!" லூயிஸ் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "இனிமே நீதான்டா மேனேஜர்!"

கன்னியப்பனே தெருவைத் தாண்டி வந்தார். "என்ன மந்திரம் தம்பி போட்ட?"

"மந்திரமெல்லாம் இல்லீங்க." கிளாட்வின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு பாக்கணும். உழைப்பு!"

மணி ஒன்று. பின்னறையில் 'டக்'கென்று ஒரு சத்தம். கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு சிரித்தபடி வெளியே வந்தாள் அஞ்சலாட்சி.

"பேரன் பொறந்துருக்கான் தம்பி, வாயத் தொற... ஆமா, நான் இல்லாதப்ப மதியத்துல அந்தப் பொட்டிய யாருமே அணைக்கலியா, இந்தச் சுடு சுடுது? கரண்டு வீணாவுது, கடை சாத்துறப்ப எல்லாத்தையும் அணைச்சுடுன்னு முசேதான சொன்னாரு! நீ சாப்புடப் போ, எப்பவும் போல நாலு மணிக்கு நானே வந்து போட்டு வுட்டுடறேன்."